மாடி ஷீட் கூரை: காற்று வந்து சோதித்துவிட்டுப் போன பிறகு ஒரு மதிப்புரை

கலர் ஷீட் வாங்கலாமா என்று கேட்டால் தாராளமாக வாங்கலாம். போடுகிற ஆளை மட்டும் பார்த்துப் பிடியுங்கள். என் மாடிக் கூரையில் மேற்குப் பக்கம் முழுக்கக் கழன்று பின்னால் இருக்கும் தென்னந்தோப்பில் போய் விழுந்தது. எடுத்துப் பார்த்தால் ஷீட் மடங்கியிருக்கிறதே தவிர பெயிண்ட் உரியவில்லை, துரு ஒரு பொட்டுகூட இல்லை. கைவிட்டது ஸ்க்ரூ. அதனால் இந்த மதிப்புரையில் ஷீட்டைப் பற்றிக் கொஞ்சமும், அதைப் போட்ட இரண்டு பட்டறைகளைப் பற்றி நிறையவும் எழுதப் போகிறேன். நடுவில் காற்றைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். சோதனை வைத்தது அதுதான்.

எங்கள் ஊர் பள்ளிகொண்டாவில் பாலாற்றைத் தாண்டிக் குடியாத்தம் போகிற ரோட்டில், கொஞ்சம் உள்ளே தள்ளி. தறியிலிருந்து வரும் லுங்கியை மடித்து, லேபிள் ஒட்டி, பண்டல் கட்டி அனுப்புகிற வேலையை மொட்டை மாடியில் வைத்துச் செய்கிறேன். தெருப் பெண்கள் சிலர் உடன் இருக்கிறார்கள். பண்டல் நனைந்தால் அன்றைய கூலி மட்டும் இல்லை, சரக்கே போச்சு. அதனால் கூரை என்றால் எனக்கு நிழல் மட்டும் கிடையாது. முன்பு தென்னங்கீற்று இருந்தது. வருஷா வருஷம் மாற்றி அலுத்துப்போய் ஷீட்டுக்கு வந்தோம்.

முதலில் ஷீட்டின் சங்கதி. கடையில் எடுத்ததும் கேட்பது "எத்தனை எம்.எம்.?" என்பதுதான். 0.35 என்றால் மலிவு, 0.50 என்றால் கெட்டி. நாங்கள் 0.50 என்று சொல்லித்தான் பணம் கட்டினோம். மகள் சிவில் இன்ஜினியரிங் படிக்கிறாள். கூரை பறந்த பிறகு ஒரு துண்டை வெட்டிக் கல்லூரி லேபுக்கு எடுத்துப் போய் ஸ்க்ரூ கேஜில் வைத்துப் பார்த்தாள். பெயிண்டோடு சேர்த்து 0.45 வந்தது. அதில் பெயிண்டையும் துத்தநாகப் பூச்சையும் கழித்தால் இரும்பு இன்னும் குறைவு. இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. சிலர் பூச்சோடு சேர்த்து மொத்தக் கனத்தைச் சொல்வார்கள், சிலர் உள்ளே இருக்கும் இரும்பின் கனத்தை மட்டும் சொல்வார்கள். நீங்கள் கேட்கவில்லை என்றால் பெரிய எண்தான் உங்கள் காதுக்கு வரும். எங்களுக்கு விற்ற கடையோ அந்தப் பெரிய எண்ணுக்கும் கொஞ்சம் மேலே போய்ச் சொல்லியிருக்கிறது. கடை பெயர் வேண்டாம். "எந்தக் கனம், பூச்சோடா, பூச்சு இல்லாமலா?" என்று கேட்டு, பில்லில் எழுதி வாங்குங்கள்.

பூச்சில் எனக்குக் குறை இல்லை. இப்போது வரும் நல்ல கலர் ஷீட்டுகளில் இரும்பின் மேல் இருப்பது வெறும் துத்தநாகம் இல்லை, அலுமினியமும் துத்தநாகமும் கலந்தது. 55 சதவீதம் அலுமினியம், 43.5 சதவீதம் துத்தநாகம், மிச்சம் ஒன்றரை சதவீதம் சிலிக்கான். எங்கள் ஊர் உப்புத் தண்ணீருக்கும் வெயிலுக்கும் அது நன்றாகவே தாங்கியது.

சூடு வேறு கதை. வேலூர் வெயிலைப் பற்றி வேலூர்க்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அக்னி நட்சத்திரத்தில் காலை பதினொரு மணிக்கு மேல் ஷீட்டுக்குக் கீழே உட்கார முடியாது. விடியற்காலையில் ஆரம்பித்து வெயில் ஏறும் முன் நிறுத்தி, மறுபடி சாயங்காலம் உட்காருவோம். வாங்குபவர்கள் வெள்ளையோ, வெள்ளைக்குப் பக்கத்து நிறமோ எடுங்கள். பார்க்க அழகாக இருக்கிறது என்று செங்கல் நிறம் எடுத்தது என் வீட்டுக்காரர் முடிவு, அதற்குத் தண்டனை எனக்கு. அடியில் ஒட்டும் வெள்ளித் தாள் ஃபோம் ஓரளவு உதவுகிறது. மழை பெய்தால் போனில் பேச முடியாது, அவ்வளவு சத்தம். இதையெல்லாம் யாரும் விற்கும்போது சொல்ல மாட்டார்கள்.

சரி, காற்றுக்கு வருவோம்.

மே மாதத்துச் சாயங்காலம். பகல் முழுக்க இலைகூட அசையவில்லை. பேரணாம்பட்டு மலைப் பக்கம் கறுப்பாகத் திரண்டு நின்றது. போனில் வானிலைத் துறையின் எச்சரிக்கை வந்திருந்தது, அடுத்த மூன்று மணி நேரத்தில் இடி மின்னலோடு மழை, பலத்த காற்று என்று, மாவட்டம் முழுக்கச் சேர்த்து. கோடைக்கு இது சகஜம்தான் என்று பண்டல்களை உள்ளே தள்ளித் தார்ப்பாய் போட்டுவிட்டு எல்லோரும் கீழே இறங்கினோம். அப்படி இறங்கியதுதான் நல்லதாகப் போச்சு. கொஞ்ச நேரத்தில் மேலே யாரோ இரும்புப் பீரோவை இழுக்கிற மாதிரி சத்தம். ஐந்து நிமிஷம்கூட இருக்காது, முடிந்துவிட்டது. அதற்கப்புறம்தான் மழையே வந்தது.

மறுநாள் காலை மகள் என்னை ஏரிக்கரைக்கு இழுத்துக்கொண்டு போனாள். எனக்கு மாடியைப் பார்க்கிற அவசரம், அவளுக்குக் காற்று போன வழியைப் பார்க்கிற அவசரம். ஆனால் போனதில் எனக்கு லாபம்தான். ஏரிக்கரையில் பனைமரங்கள் அப்படியே நிற்கின்றன, மட்டைகள் மட்டும் ஒரு பக்கமாகக் கசங்கியிருந்தன. கரைக்குக் கீழே வாழை. குலை தள்ளியவை நடுத்தண்டில் முறிந்து கிடந்தன. அதற்குச் சவுக்கு முட்டுக் கொடுத்திருந்ததும் உதவவில்லை. அந்த வரப்புக்கு இருபதடி தள்ளி இருக்கும் வாழையில் ஓர் இலை கிழியவில்லை! அப்புறம் எங்கள் தெரு. தெருவைத் தாண்டி மாந்தோப்பில் காய் எல்லாம் தரையில், இரண்டு கிளை முறிந்திருந்தது. செங்கல் சூளைக்காரர் கொட்டகையில் கீற்று இல்லை. அதற்கு மேல் கிழக்கே போனால் ஒன்றும் இல்லை. மொத்த வழியும் இரண்டு கிலோமீட்டருக்குள்தான், அகலம் ஒரு தெரு அளவு.

மகள் பார்த்தது வேறு. வாழை எந்தத் திசையில் விழுந்திருக்கிறது என்று போனில் திசைகாட்டியை வைத்துக் குறித்துக்கொண்டே வந்தாள். வழியின் தெற்கு ஓரத்தில் இருந்தவை கிழக்கும் வடக்குமாகச் சாய்ந்திருந்தன. வடக்கு ஓரத்தில் இருந்தவை தெற்கே பார்த்துக் கிடந்தன. "எல்லாம் நடுவை நோக்கித் திரும்பியிருக்கு பாரும்மா. மேலேர்ந்து கொட்டுற காத்தா இருந்தா விசிறி விரிச்ச மாதிரி வெளிப்பக்கம் விழுந்திருக்கும்" என்றாள். மேகத்திலிருந்து தரைவரை இறங்கிச் சுழலும் டொர்னேடோ, அதில் சின்ன ரகம்தான் என்பது அவள் கட்சி. எதிர்வீட்டுப் பெரியப்பா அது பேய்க்காத்து என்கிறார். அவர் இதைவிடப் பெரியதைப் பார்த்திருக்கிறாராம்.

இப்படி மரம் விழுந்த திசையைப் பார்த்துக் காற்றைப் படிப்பதை ஒரு வித்தையாகவே ஆக்கியவர் டெட் ஃபுஜிட்டா. ஜப்பானில் பிறந்து சிகாகோ பல்கலைக்கழகத்துக்குப் போனவர். 1945இல் அணுகுண்டு விழுந்த ஹிரோஷிமாவிலும் நாகசாகியிலும் மரங்கள் சாய்ந்த விதத்தை நேரில் போய்ப் பார்த்தவர். 1975இல் நியூயார்க் விமான நிலையத்தில் ஒரு விமானம் விழுந்ததை ஆராயும்போது, மேகத்திலிருந்து கீழே கொட்டித் தரையில் நாலா பக்கமும் விரிகிற காற்று என்ற கருத்துக்கு வந்தார். மகள் சொன்ன அந்த விசிறி அவருடையது. டொர்னேடோவை அளக்கிற ஃபுஜிட்டா அளவுகோலை 1971இல் கொடுத்தவரும் அவர்தான். அதைத் திருத்தி 2007லிருந்து அமெரிக்காவில் பயன்படுத்துகிறார்கள். சுருக்கமாக ஈ.எஃப்., பலவீனமான ஈ.எஃப்.0 தொடங்கி மிகப் பலமான ஈ.எஃப்.5 வரை.

அமெரிக்காவில் ஏதோ ஒரு கிராமத்து மாவட்டத்தில் சின்ன டொர்னேடோ போனால்கூட, அவர்களுடைய தேசிய வானிலைச் சேவையிலிருந்து ஆட்கள் வந்து நடந்து பார்ப்பார்கள். எங்கே தரையைத் தொட்டது, எங்கே விட்டது, எத்தனை மைல் நீளம், எத்தனை கஜம் அகலம், அதிகபட்ச வேகம் எவ்வளவு இருந்திருக்கும், யாருக்காவது காயமா என்று எழுதி எல்லோரும் பார்க்கிற மாதிரி போட்டுவிடுவார்கள். மகள் சிலவற்றை வாசித்துக் காட்டினாள். பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கிறது. மாட்டுக் கொட்டகைக் கூரை பிய்ந்தது, தானியக் குதிர் நசுங்கியது, வயலில் சக்கரத்தில் சுற்றி நீர் தெளிக்கும் நீளமான இயந்திரம் கவிழ்ந்தது, மரங்கள் முறிந்தன. அந்த நாட்டில் வருஷத்துக்குச் சுமார் 1,200 டொர்னேடோ வருகின்றன, அதில் மிகப் பெரும்பகுதி இந்த மாதிரி பலவீனமான ரகம்தான். வேகத்தை அவர்கள் கருவி வைத்து அளப்பதில்லை. சேதத்தைப் பார்த்துத்தான் கணிக்கிறார்கள். வீடு, கொட்டகை, மரம், மின்கம்பம் என்று 28 வகை வைத்திருக்கிறார்கள், ஒவ்வொன்றும் எந்த அளவுக்குச் சிதைந்தால் எந்த வேகம் என்று கணக்கு. வெறும் வயலில் எதையும் தொடாமல் போன காற்றுக்கு ஈ.எஃப்.யூ என்று போட்டு, தெரியவில்லை என்று ஒப்புக்கொண்டு விட்டுவிடுகிறார்கள். அந்த நேர்மை எனக்குப் பிடித்தது. இலவசமாகக் கிடைக்கும் சேவைகளில் நான் ஐந்து நட்சத்திரம் கொடுப்பேன் என்றால் அதற்குத்தான், அது நமக்காக நடத்துவது இல்லை என்றாலும்.

நம் பக்கத்தில் டொர்னேடோ வராது என்று நினைக்க வேண்டாம். வங்காளத்துப் பக்கம் அது பழைய எதிரி. 1989 ஏப்ரல் 26ஆம் தேதி வங்கதேசத்தில் வந்த ஒன்றில் சுமார் 1,300 பேர் இறந்ததாகக் கணக்கு. 2024 மார்ச் 31ஆம் தேதி மேற்கு வங்கத்தில் ஜல்பைகுரி மாவட்டத்தின் மைனாகுரியில் வந்ததைச் செய்தியில் பார்த்திருப்பீர்கள். அதோடு ஒப்பிட்டால் எங்களுடையது குழந்தை.

இங்கேதான் எனக்குக் கோபம் வந்த இடம். மிகக் கீழ்ப்படியான ஈ.எஃப்.0 என்றால் மணிக்கு 105 முதல் 137 கிலோமீட்டர் வேகம். நம் நாட்டில் கட்டடத்துக்கான காற்று விதி ஐ.எஸ். 875, மூன்றாம் பாகம். அதில் சென்னைக்கு வைத்திருக்கும் அடிப்படை வேகம் விநாடிக்கு 50 மீட்டர். மணிக்கு 180 கிலோமீட்டர் என்று ஆகிறது. பெங்களூருக்கு 33 மீட்டர், அதாவது மணிக்கு 119 கிலோமீட்டர். நாம் இரண்டு ஊருக்கும் நடுவில் இருக்கிறோம். ஆக, ஒரு கூரையை விதிப்படி போட்டிருந்தால், இந்த மாதிரி சின்னச் சுழற்காற்று வந்த வேகம் ஏறக்குறைய அந்தக் கூரை தாங்க வேண்டிய வேகம்தான். "காத்து அப்படிம்மா, யாரால இன்னா பண்ண முடியும்?" என்று முதல் பட்டறைக்காரர் கையை விரித்தபோது எனக்கு இது தெரியாது. தெரிந்திருந்தால் டீ கொடுத்து அனுப்பியிருக்க மாட்டேன்.

காற்றின் பலத்துக்கு அந்த விதியில் ஒரு எளிய கணக்கு உண்டு. வேகத்தை விநாடிக்கு இத்தனை மீட்டர் என்று எடுத்து, அதே எண்ணால் பெருக்கி, மறுபடி 0.6ஆல் பெருக்கினால் ஒரு சதுர மீட்டரில் விழும் அழுத்தம் நியூட்டனில் கிடைக்கும், ஏறக்குறைய பத்து நியூட்டன் ஒரு கிலோ எடை. மணிக்கு 60 கிலோமீட்டர் காற்றுக்குக் கணக்குப் போட்டால் சதுர மீட்டருக்குச் சுமார் 17 கிலோ. 120 கிலோமீட்டர் ஆனால் 68 கிலோ. வேகம் இரண்டு மடங்கு, பலம் நாலு மடங்கு. எங்கள் ஷீட் ஒன்று 12 அடி நீளம். தூக்கினால் 15, 16 கிலோ இருக்கும். அதன் மேல் 120 கிலோமீட்டர் காற்று மேலே இழுக்கிற பலம் தோராயமாக 250 கிலோ. எடை தன்னைத் தானே பிடித்துக்கொள்ளும் என்பது சுத்தப் பொய். பக்கச் சுவர் இல்லாத மாடிக் கொட்டகை என்றால் மேலிருந்து உறிஞ்சுவதோடு கீழிருந்தும் தள்ளும். ஓரத்திலும் மூலையிலும் நடுவைவிட அதிகம். அதனால்தான் கூரை எப்போதும் ஓரத்திலிருந்து பிரிய ஆரம்பிக்கிறது. எங்களுடையதும் அப்படித்தான்.

இந்தக் கணக்கைத் தெரிந்துகொண்டு, மிச்சமிருந்த கூரையைப் பார்த்தால் முதல் பட்டறைக்காரர் செய்த வேலை எல்லாம் வரிசையாகத் தெரிந்தது. கீழே இருக்கும் குறுக்குப் பைப்புகளுக்கு நடுவில் ஐந்தடி இடைவெளி. ஓரத்திலும் அதே ஐந்தடி. ஷீட்டின் நெளிவில் மேடாக இருக்கும் வரிதான் முகடு, ஸ்க்ரூ மூன்று முகட்டுக்கு ஒன்று. ஓரத்திலும் அதே கணக்கு. மேற்கே மழைச் சாரல் வரக்கூடாது என்று நாங்கள் கேட்டதற்கு மூன்றடி வெளியே நீட்டிவிட்டார், அதற்கு அடியில் ஒரு தாங்கலும் இல்லை. தூண்களை மாடித் தரையில் செங்கல் பெட்டி கட்டி, சிமெண்ட் ஊற்றி நிறுத்தியிருந்தார். ஒன்று பெட்டியோடு பெயர்ந்திருந்தது. பைப்பே மெல்லிய ரகம். ஸ்க்ரூவின் மரை பிடிக்க அதில் இரும்பு இல்லை, அதனால் ஷீட்டோடு ஸ்க்ரூவும் உருவிக்கொண்டு போயிருக்கிறது.

பக்கத்து வீட்டில் நடந்தது இன்னொரு விதம். அவர்கள் 0.35 ஷீட் போட்டிருந்தார்கள், பைப் நல்ல கெட்டி. அங்கே ஸ்க்ரூ எல்லாம் பைப்பில் அப்படியே நிற்கிறது, ஒவ்வொன்றின் தலைக்குக் கீழும் ஷீட்டின் கிழிந்த வளையம் மாட்டியிருக்கிறது. ஷீட் ஸ்க்ரூவின் மேலாகக் கிழித்துக்கொண்டு போய்விட்டது. கனம் எங்கே முக்கியம் என்றால் இங்கேதான். ஸ்க்ரூவும் பைப்பும் சரியாக இருந்தால் அடுத்து ஷீட்டின் கனம் பேசும். அதற்கு முன்னால் 0.50 வாங்கிப் பெருமைப்படுவதில் பயன் இல்லை.

எங்கள் மாட்டுக் கொட்டகைக்குப் பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட், கொக்கி மாதிரி வளைந்த ஜே போல்ட் போட்டது. பொய்கைச் சந்தையில் பிடித்து வந்த கறவை அதற்குள்தான் இருந்தது, நல்லவேளை ஒன்றும் ஆகவில்லை. அது கலர் ஷீட்டைவிட மூன்று மடங்கு எடை, அதனால் அவ்வளவு சீக்கிரம் எழவில்லை. ஆனால் பறந்து வந்த ஏதோ பட்டு இரண்டு ஷீட் உடைந்தது. இதைப் பற்றி ஒரு வார்த்தை. உடைந்த ஆஸ்பெஸ்டாஸைத் துடைப்பத்தால் பெருக்காதீர்கள். அதன் தூசி நுரையீரலுக்குள் போனால் பல வருஷம் கழித்துப் புற்றுநோய்வரை கொண்டுபோகும். தண்ணீர் தெளித்து ஈரமாக்கி, மூக்கைக் கட்டிக்கொண்டு, துண்டு துண்டாகக் கையில் எடுத்துக் கோணியில் கட்டுங்கள். மாமியார் வழக்கம்போலப் பெருக்க ஆரம்பித்துவிட்டார், மகள் துடைப்பத்தைப் பிடுங்கி வைத்தாள்.

அப்படிப் பறந்து வந்த ஏதோ என்றேனே, அது எதிர்வீட்டு மாடியில் ஷீட் பறக்காமல் இருக்க வைத்திருந்த ஹாலோ பிளாக் கல். நம் ஊரில் எல்லா மாடியிலும் பார்க்கலாம், கல், மணல் மூட்டை, பழைய டயர். சாதாரணக் காற்றுக்குச் சரி. இந்த மாதிரி காற்றில் ஷீட்டும் நிற்காது, கல்லும் அடுத்தவர் வீட்டில் இறங்கும். காலி தண்ணீர் டேங்கும் அப்படியே. ஆயிரம் லிட்டர் நிரம்பியிருந்தால் ஒரு டன், காலியாக இருந்தால் பந்து.

அமெரிக்காவிலும் இதே பாடுதான் என்று மகள் சொன்னாள். அங்கே தொழிற்சாலையில் செய்து லாரியில் கொண்டுவந்து இறக்கும் வீடுகள் உண்டு. டொர்னேடோவில் இறப்பவர்களில் அளவுக்கு மீறிய பங்கு அந்த வீடுகளில் இருப்பவர்கள், ஏனென்றால் அவற்றைத் தரையோடு சேர்த்துச் சரியாகக் கட்டியிருக்க மாட்டார்கள். 1992இல் ஆண்ட்ரூ புயல் ஃபுளோரிடாவைப் பிய்த்துப் போட்ட பிறகு, 1994இல் அந்த வீடுகளுக்கான காற்று விதியைக் கடுமையாக்கினார்கள். நம் ஊரில் மாடி ஷீட்டுக்கு யார் வந்து எதைக் கேட்கிறார்கள்?

இரண்டாவது பட்டறை காட்பாடிப் பக்கம். தறிக்கார உறவினர் ஒருவர் சொல்லிப் பிடித்தேன். சின்னப் பையன்தான், என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவான். வந்ததும் ஷீட்டைப் பார்க்கவில்லை, தூணின் காலைப் பார்த்தான். "இன்னாக்கா, பைப்பு செங்கல்ல நிக்குது? காத்து இதைப் புடுங்கினு போவாம இன்னா செய்யும்?" என்றான். அங்கேயே முடிவு பண்ணிவிட்டேன்.

அவன் செய்தது இவ்வளவு. ஒவ்வொரு தூணுக்கும் அடியில் இரும்புத் தகடு வெல்டிங் வைத்து, தகட்டை நாலு ஆங்கர் போல்ட்டால் கான்கிரீட்டோடு முடுக்கினான். ஓரங்களில் ஐந்தடிக்கு நடுவே இன்னொரு குறுக்குப் பைப், முன்னதைவிடக் கெட்டி ரகம். மூன்றடி நீட்டலை ஓரடியாக வெட்டினான், சாரலுக்குத் தனியாகத் தார்ப்பாய் போட்டுக்கொள்ளச் சொன்னான். ஓர வரிசைகளில் ஒவ்வொரு முகட்டிலும் ஸ்க்ரூ, நடுவில் ஒன்று விட்டு ஒன்று. இரண்டு ஷீட் பக்கவாட்டில் ஏறுகிற இடத்தில் ஒன்றரையடிக்கு ஒரு சின்ன ஸ்க்ரூ வைத்துத் தைத்தான். ஸ்க்ரூவின் ரப்பர் வாஷரை நசுங்கிப் பிதுங்கும்வரை முடுக்கக்கூடாது, லேசாக உப்பினால் போதும் என்று உடன் வந்த பையனைத் திட்டிக்கொண்டே இருந்தான். ஒரு ஸ்க்ரூ ஏழு ரூபாய் விலையில் வாங்கினேன். கூடுதலாகப் போன ஸ்க்ரூ எல்லாம் சேர்த்தும் ஒரு ஷீட்டின் விலை வரவில்லை. முதல் ஆள் மிச்சம் பிடித்தது இதைத்தான்.

குறை இல்லாமல் இல்லை. சொன்ன நாளில் வர மாட்டான். "வந்துகினே இருக்கேன்கா" என்றால் இன்னும் வீட்டை விட்டுக் கிளம்பவில்லை என்று அர்த்தம். பாதிப் பணம் முன்னாலேயே கேட்பான், வண்டி வாடகை தனி. வெல்டிங் வைத்த இடங்களில் ரெட் ஆக்சைடு அடிக்காமலே போகப் பார்த்தான், நின்று அடிக்க வைத்தேன். ஸ்க்ரூ போடும்போது உதிர்கிற இரும்புத் துருவலை ஷீட் மேலேயே விட்டுவிட்டான். அதை அன்றைக்கே பெருக்கித் தள்ளாவிட்டால் முதல் மழையில் துருப்பிடித்துப் புள்ளி புள்ளியாகக் கறை ஆகும். எங்கள் கூரையில் ஒரு மூலையில் ஆகிவிட்டது. புது ஷீட்டின் நிறம் பழையதோடு ஒத்துப்போகவில்லை, அது அவன் தப்பில்லை, வெயிலில் பழையது வெளுத்திருந்தது. மழைநீர்த் தகரத்துக்கு வாட்டம் பத்தவில்லை, ஒரு முனையில் தண்ணீர் தேங்குகிறது. வந்து சரிசெய்கிறேன் என்றிருக்கிறான்.

நிவாரணம், இன்சூரன்ஸ் பற்றிக் கேட்பீர்கள். வாழைக்காரருக்கு விஏஓ வந்து கணக்கெடுத்துக்கொண்டு போனார். பேரிடர் நிவாரண விதியில் பயிருக்கு உதவி கிடைக்க 33 சதவீதமோ அதற்கு மேலோ சேதம் இருக்க வேண்டும். இந்தக் காற்றோ ஒரு தெரு அகலத்தில் கோடு போட்டுக்கொண்டு போயிருக்கிறது. ஒருவர் தோட்டத்தில் கோடு குறுக்கே போனால் கால்பங்கு வாழை போகும், முக்கால் பங்கு நிற்கும். வீட்டுக்கு 2021 ஏப்ரல் முதல் எல்லா ஜெனரல் இன்சூரன்ஸ் கம்பெனிகளும் பாரத் கிருஹ ரக்ஷா என்ற ஒரே மாதிரி பாலிசியைத் தர வேண்டும் என்று விதி வந்தது. புயல், சூறைக்காற்றோடு டொர்னேடோவும் அந்தப் பட்டியலில் எழுத்திலேயே இருக்கிறது. மாடிக் கொட்டகையையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள். என்னைப் போல மாடியில் தொழில் நடத்துபவர்களின் சரக்குக்கு அது பொருந்தாது, அதற்குச் சின்னத் தொழில்களுக்கான பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா தனியாக இருக்கிறது. நான் இப்போது இரண்டையும் எடுத்திருக்கிறேன்.

மதிப்பெண் கேட்டால், ஷீட்டுக்கு ஐந்துக்கு நாலு, கழித்தது சூட்டுக்காக. விற்ற கடைக்கு இரண்டு. முதல் பட்டறைக்கு ஒன்றுகூடப் போட மனசு வரவில்லை. காட்பாடிப் பையனுக்கு நாலு, மழைநீர்த் தகரத்தை வந்து சரிசெய்தால் நாலரை. நீங்கள் யாரை வைத்துப் போட்டாலும், பேச்சு முடிக்கும் முன் இந்த மூன்றைக் கேளுங்கள்: ஓரத்தில் எத்தனை முகட்டுக்கு ஒரு ஸ்க்ரூ, குறுக்குப் பைப் என்ன கனம், தூண் எதில் நிற்கிறது. மூன்றுக்கும் யோசிக்காமல் பதில் சொல்கிறவர் கொஞ்சம் கூடக் கேட்டாலும் கொடுங்கள். முடிந்தால் ஏப்ரல் மாதத்துக்குள் ஆளைப் பிடித்துவிடுங்கள், மே மாதக் காற்றுக்கு அப்புறம் ஒரு வெல்டரும் போனை எடுப்பதில்லை.